மாடி ஏறிய சுடுதண்ணீர்

"புத்தகத்துல தண்ணி சுடாது பாப்பா."

மாமா இதைச் சொன்னபோது நான் பொலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். வெப்பம் பற்றிய பாடக் குறிப்புகளைக் கூடத்துத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். தேநீர் குடிக்க வந்தவர், ஒரு தாளைக் கால் கட்டைவிரலால் தன் பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். தன் தம்பி சிரிக்கிறார் என்பதால் அம்மாவும் சிரித்தார். நான் அந்தத் தாளைத் துடைத்து மறுபடியும் அதன் இடத்தில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டி முதலில் படித்தவள் நான். அம்மா செடெனாக் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அண்ணன் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டார். நான் டிப்ளோமா முடித்தேன். செனாயில் மீ என்கிற நூடுல்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். நீராவிக் குழாய்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. எந்தக் குழாயில் எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று தினமும் காலையில் நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அங்கே மாவு வேகும். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

மாமா கூலாயில் வயரிங், பைப்பு வேலை எல்லாம் செய்கிறவர். சொந்தக்காரர்கள் வீட்டில் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கை சுத்தமான ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்ன பிறகு இன்னொருவர் பேசக் கூடாது.

அண்ணன் கூலாயில் வாங்கிய இரட்டை மாடி வரிசை வீட்டின் கூரையில், முன்பு இருந்தவர் ஒரு சோலார் டேங்கியை விட்டுப் போயிருந்தார். வெயில் அந்தத் தண்ணீரைச் சுட வைக்கும். மழை நாளுக்காக உள்ளே ஒரு மின்சார எலிமெண்டும் உண்டு. அந்த ஒரே டேங்கியிலிருந்து சமையலறைக்கும் மூன்று குளியலறைகளுக்கும் சுடுதண்ணீர்க் குழாய் ஓடியது. அம்மாவுக்கு அதில் தனிப் பெருமை. யாராவது வழி கேட்டால், "கூரையில டேங்கி இருக்கும், அதான் எங்க வீடு" என்பார். தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் விறகடுப்பில் தண்ணீர் காய்ச்சியவருக்கு, குழாயைத் திறந்ததும் ஆவி பறப்பது சின்ன விஷயம் இல்லை.

அண்ணிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த மறு வாரத்தில் அந்தச் சுடுதண்ணீர் நின்றுபோனது.

பிள்ளை பெற்றவளுக்குக் காலை, மாலை இரண்டு வேளையும் சுடுதண்ணீர்க் குளியல், நாற்பது நாளைக்கு. உடம்புக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட ஓர் அம்மா வருவார். கீழ்க் குளியலறையில் காற்று அடிக்கிறது என்று, மாடி அறையை ஒட்டிய குளியலறையில்தான் குளியல். முதல் நாள் எல்லாம் நன்றாக நடந்ததாம். இரண்டாம் நாள் வீட்டில் எந்தக் குழாயிலும் சூடு இல்லை. பச்சைத் தண்ணீரைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

அம்மா போனில் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, "மேல டேங்கியில தண்ணி சூடா இருக்கான்னு யாராச்சும் பாத்தாங்களா?"

"மாமா வந்து பாத்துட்டுப் போயிருக்காரும்மா."

"என்ன பாத்தாரு?"

"எலிமெண்டு போயிருச்சாம்."

மாமா எலிமெண்டை மாற்றினார். சூடு வரவில்லை. சுவிட்சை மாற்றினார். வரவில்லை. கடைசியில் டேங்கியே உள்ளே கெட்டுவிட்டது, முழுசாகப் புதுசு போட வேண்டும், தனக்கு இரண்டு வாரம் கழித்துத்தான் ஆள் கிடைக்கும் என்று முடித்துவிட்டார். நான் அண்ணனுக்குப் போன் செய்தேன். அண்ணன் எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இருட்டிய பிறகு திரும்புகிறவர்.

"அண்ணே, டேங்கித் தண்ணி சூடா இருக்கான்னு பாக்காமயே டேங்கி போச்சுன்னு எப்படிச் சொல்றாரு?"

"அவரு முப்பது வருசமா இதே வேலை பாக்குறாரு லா. நீ உன் மீ பாக்டரியப் பாரு."

போனை வைத்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன். அந்த வாரம் முழுவதும் வீட்டில் சுடுதண்ணீர் எப்படி மாடிக்குப் போகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிற இடம் இது.

சனிக்கிழமை மதியம் போனேன். அன்றைக்குக் காலைக் குளியல் தள்ளிப்போயிருந்தது. முன்கதவு திறந்து கிடந்தது. அம்மா மாடிப்படியின் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தார். பாத்தேக் கைலியை முழங்காலுக்கு மேல் செருகி, கையில் ஒரு வாளி. வாளியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. ஒரு படி ஏறுவார், வாளியை அடுத்த படியில் வைப்பார், மூச்சு வாங்குவார், மறுபடி தூக்குவார். ஒரு குளியலுக்கு நான்கு வாளி. பதினாறு படி. மாடி அறையில் கெட்டலில் கொதிக்க வைத்தால் என்ன என்று கேட்பீர்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்து ஒரு கெட்டல் வாங்கி வைத்திருந்தார். அதில் ஒரு வாளி நிறைவதற்குள் முதலில் ஊற்றியது ஆறிவிடும்.

"கொடுங்கம்மா."

"நீ விடு, உனக்குப் பழக்கமில்ல."

வாளியைப் பிடுங்கும்போதுதான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. பற்பசை. அதற்குக் கீழே ஐம்பது காசு அளவுக்கு ஒரு கொப்புளம்.

"எப்ப?"

"முந்தாநாள். கொஞ்சம் தளும்பிருச்சி. பெரிசா ஒண்ணும் இல்ல."

கூடத்தில் அண்ணன் மூத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமா. புது டேங்கிக்குக் கூரையில் அளவு எடுக்க வந்தவர், முதலில் சாப்பிடலாம் என்று உட்கார்ந்திருந்தார். நான் வாளியை மேலே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு இறங்கி வந்தேன்.

"அம்மா கை வெந்து போயிருக்கு. பாத்தீங்களா?"

"பாத்தேன்," என்றார் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் தூக்குறேன்னா கேக்க மாட்டேங்குறாங்க. தோட்டத்துல பால் வாளி தூக்கின ஆளு. இதெல்லாம் அவங்களுக்கு ஒரு பாரமா?"

மாமா சிரித்தார். அண்ணன் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பாராட்டாகவே சொல்லியிருப்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பால் வாளி தூக்கி அம்மாவின் வலது தோள் இறங்கியே இருக்கும். சட்டை தைக்கிறவர் அளவெடுக்கும்போது இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுப்பார். அந்தத் தோளில்தான் நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். இனி அந்தத் தோளில் ஒரு வாளிகூட ஏறக் கூடாது. அன்றைக்கு எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"ஏணி எங்க இருக்கு?"

"வந்துட்டாங்கப்பா இன்ஜினியர்," என்றார் மாமா. "மேல என்னம்மா பாக்கப் போற? நான் பாத்தாச்சி."

"நானும் பாக்குறேன் மாமா."

"கீழ விழுந்தீனா யாரு பாக்குறது?" என்றார் அண்ணன். "வீட்ல ஏற்கனவே ஒருத்தி படுத்திருக்கா."

நான் முதலில் மின்பெட்டியில் டேங்கிக்குப் போகிற சுவிட்சை அணைத்தேன். பிறகு காரை, எங்கள் பேச்சில் காடியை, நிறுத்துகிற இடத்தின் கூரையில் ஏணியைச் சாத்தி ஏறினேன். கீழே மாமா சொல்லிக்கொண்டே இருந்தார், "ஓட்ட மிதிக்காத, ஓட்ட மிதிக்காத." மெயின் கூரைக்குப் போக வேண்டிய அவசியமே இருக்கவில்லை. டேங்கியில் சூடு மிஞ்சினால் தண்ணீர் வெளியேறுவதற்கு ஒரு மெல்லிய குழாய் உண்டு. அது தாழ்கூரை விளிம்பு வரை இறங்கி, அங்கே சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டின இடத்தில் ஓட்டின் பாசி வெந்து பழுப்பாகியிருந்தது. விரலை நீட்டினேன். சுட்டது. கையை உதறி, விரலை வாயில் வைத்துக்கொண்டேன்.

டேங்கி கெடவில்லை. மேலே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. யாரும் எடுக்காததால் வெயிலில் சூடு ஏறி ஏறி, தாங்க முடியாமல் வழிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே, அதே வீட்டில், என் அம்மா கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

ஓர் எவர்சில்வர் டம்ளரில் அந்தச் சொட்டைப் பிடித்து, துணியில் சுற்றிக் கொண்டுவந்து மாமாவிடம் நீட்டினேன்.

"பிடிச்சுப் பாருங்க."

அவர் துணியில்லாத பக்கம் பிடித்தார். உடனே மேசையில் வைத்தார்.

"அதான் லீக்காவுதுன்னு அன்னிக்கே சொன்னேன்ல," என்றார்.

"மாமா, லீக் இல்ல. தண்ணி சூடா இருக்கு. கீழ வர மாட்டேங்குது."

"வெயில்ல கெடந்த பைப்பு சூடாத்தான்மா இருக்கும்."

தொழிற்சாலையில் ஒரு குழாய் இப்படி நடந்துகொண்டால் நான் அதைக் கேட்பேன். காது வைத்துக் கேட்பேன் என்று சொல்கிறேன். சமையலறைக்குப் போய் சுடுதண்ணீர்க் குழாயை மட்டும் திறந்தேன். வெதுவெதுப்பாக வந்தது. வேகமாகவும் வந்தது. டேங்கித் தண்ணீர் தானாக இறங்கி வருவது, இவ்வளவு வேகம் இருக்காது. அப்போது மேலே எங்கோ உர்ர் என்று ஒரு சத்தம். மூடினேன். சத்தம் நின்றது. திறந்தேன். மறுபடியும் உர்ர்.

"அம்மா, அது என்ன சத்தம்?"

அம்மா பிள்ளைத் துணி அலச அடுத்த பானையை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தார். "மாமா வச்ச பம்பும்மா. மாடி பாத்ரூம்ல தண்ணி மெதுவா வருதுன்னு பிரசவத்துக்கு முன்ன வச்சாரு. நான் இங்க பாத்திரம் கழுவும்போதெல்லாம் அது மேல கத்தும்."

"பச்சத் தண்ணிக்குத்தானே பம்பு வச்சாரு?"

"ஆமா."

"நான் இங்க சுடுதண்ணியத் தொறந்தா அது ஏம்மா கத்தணும்?"

அம்மா அடுப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அதைத்தான் நானும் கேட்டேன். பம்புன்னா கத்தத்தான் செய்யும்ன்னு மாமா சொன்னாரு."

ஒரு வாரமாக விடை சமையலறையில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது. அதைச் சொல்லியும் இருக்கிறது. சொன்னது அம்மா என்பதால் கூடத்தில் யார் காதிலும் விழவில்லை. நான் குழாயை மூடிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

அண்ணி குளித்து முடித்துப் படுத்திருந்தார். குளிப்பாட்டுகிற அம்மாவும் கிளம்பிவிட்டார். குளியலறைச் சுவரில் குழாய்க்கு இரண்டு திருகுகள், ஒன்று சுடுதண்ணீருக்கு, இன்னொன்று பச்சைத் தண்ணீருக்கு. இரண்டிலும் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தது. இரண்டும் திறந்தே இருந்தன. ஆனால் ஒரு சொட்டுகூட வரவில்லை. காரணம், அந்தக் குழாயின் ரப்பர் ஹோஸ் முனையில் காடி கழுவுகிற துப்பாக்கி ஒன்று மாட்டியிருந்தது. அழுத்தினால் வரும், விட்டால் நிற்கும்.

பின்னாலேயே ஏறி வந்த அம்மா, "அதத் தொடாத," என்றார்.

"ஏன்?"

"மொத நாளு அந்தம்மா முழங்கையில ஊத்திப் பாத்து சூட்டச் சரியா வச்சாங்க. இது மாறக் கூடாதுன்னு சொன்னாங்க. அவங்க கையெல்லாம் எண்ணெயும் மருந்துமா இருக்கும், திருக முடியாது. அதான் அண்ணன் துப்பாக்கி வாங்கி மாட்டினான். யாரும் கை வைக்கக் கூடாதுன்னு நான்தான் மஞ்சள் வச்சேன்."

நான் அந்தத் திருகுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மஞ்சள் வைத்த பொருளை எங்கள் வீட்டில் யாரும் தொட மாட்டார்கள். மாமா சூடு வருகிறதா என்று பார்க்க மூன்று தடவை இந்த அறைக்குள் வந்து போயிருக்கிறார். அவரும் தொடவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இரண்டு திருகும் திறந்திருந்து வாய் மட்டும் மூடியிருந்தால், குழாயின் வயிற்றுக்குள் பச்சைத் தண்ணீரும் சுடுதண்ணீரும் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இரண்டும் ஒரே வேகத்தில் வந்தால் பெரிய கெடுதல் இல்லை. மாமா பச்சைத் தண்ணீருக்கு மட்டும் பம்பு வைத்துவிட்டார். பம்பு தள்ளுகிற தண்ணீர் இங்கே நுழைந்து, சுடுதண்ணீர்க் குழாய்க்குள் ஏறி, வீடு முழுவதும் அதை நிரப்பியது. கீழே யார் சுடுதண்ணீரைத் திறந்தாலும் பம்பின் பச்சைத் தண்ணீர்தான் முதலில் ஓடியது. டேங்கியின் சுடுதண்ணீர் மெதுவாக இறங்குகிறது, அதற்கு வழியே கிடைக்கவில்லை.

இரண்டு திருகையும் இறுக்கி மூடினேன். அம்மா "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிவந்து சமையலறைக் குழாயைத் திறந்தேன். மேலே சத்தம் இல்லை. தண்ணீர் மெல்லிசாக வந்தது. முதலில் சில்லென்று, பிறகு வெதுவெதுப்பாக. நான் மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பதைத் தாண்டும்போது ஆவி வந்தது. அம்மா இரண்டு விரலை நீட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டார். அடுப்பில் இருந்த பானையைப் பார்த்தார். கேஸை அணைத்தார்.

இங்கே முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு மாமா உள்ளே வந்தார். தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். "பாத்தியா," என்றார் அண்ணனைத் திரும்பிப் பார்த்து, "நான் மாத்துன எலிமெண்டு பிடிச்சிருச்சி. புது எலிமெண்டு அப்படித்தான், கொஞ்ச நாள் எடுக்கும்."

"எலிமெண்டு சுவிட்ச நான் ஏணி ஏறும்போதே ஆப் பண்ணிட்டேன் மாமா."

"அப்போ காலையில சூடானது."

"திருகு ரெண்டையும் மூடினதாலதான் வருது. வாங்க, தொறந்து காட்டுறேன். உடனே நின்னுடும்."

"வர்ற தண்ணிய ஏம்மா நிறுத்தணும்?" என்றார் மாமா.

அண்ணன் சிரித்துவிட்டார். "அலமாக், இவ படிப்ப வெச்சிக்கிட்டு நல்ல தண்ணியும் நின்னுடும் போல. விடு லா, வந்துச்சில்ல."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுசாக நினைவில்லை. பால் வாளி என்ற சொல் அதில் இருந்தது. மாடியில் குழந்தை அழுதது. மாமா செருப்பைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பினார். வாசலில் நின்று அண்ணனிடம் சொன்னார், "அடுத்த வாரம் ஞாயித்துக்கெழமை வர்றேன். கீழயும் தண்ணி மெதுவாத்தான் வருது. இன்னும் கொஞ்சம் பெரிய பம்பா போட்டுரலாம்."

அவர் போன பிறகு அம்மா என்னிடம் வந்தார். "அவரு செஞ்சதாவே இருக்கட்டுமேம்மா. உனக்கு என்ன கொறைஞ்சிடும்? மனுசன் சாப்புடாம போறாரு."

மாமா சொன்னது, அண்ணன் சொன்னது எல்லாம் எனக்குப் பழக்கம். இது வேறு. பற்பசை காய்ந்து உதிர்கிற அந்தக் கையால் என் தோளைத் தடவிக்கொண்டே சொன்னார். எனக்கு என்ன குறைந்துவிடும் என்று அவருக்கு விளக்க முடியவில்லை. அதனால் வேறு ஒன்றை விளக்கினேன். மாடிக்குக் கூட்டிப்போய், திருகின் மேல் இருந்த மஞ்சள் பொட்டுக்கு நேராகக் குழாயின் உடம்பிலும் ஒரு பொட்டு வைக்கச் சொன்னேன். குளிக்கும்போது பொட்டும் பொட்டும் சேருகிற வரை திறக்க வேண்டும். அந்தம்மா வைத்த அதே சூடு வரும். முடிந்ததும் இரண்டையும் மூடிவிட வேண்டும். அம்மா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். எனக்கே செய்து காட்டினார்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. செவ்வாய்க்கிழமை மதியம் அம்மா போன் செய்தார். குரலே சரியில்லை. திங்கள் இரவு அண்ணன் அங்கே குளித்துவிட்டுத் திருகுகளைத் திறந்தபடியே விட்டிருக்கிறார். காலையில் குளிப்பாட்டுகிற நேரத்தில் வீடு முழுவதும் சுடுதண்ணீர்க் குழாய்களில் பச்சைத் தண்ணீர். குழாயில் பழைய தண்ணீர் ஓடித் தீரும் வரை காத்திருக்க அந்தம்மாவுக்கு நேரமில்லை.

"அப்புறம் என்ன பண்ணீங்க?"

குழந்தை நன்றாகத் தூங்குகிறது என்று அம்மா பேச்சை மாற்றினார்.

"எத்தனை வாளிம்மா?"

"நாலு," என்றார்.

புதன்கிழமை லீவு போட்டேன். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிற நேரம் பார்த்து, என் சொந்த ஸ்பானர்களோடு போனேன். மாடிக் குளியலறைக் கூரையின் சின்னக் கதவைத் திறந்து, தண்ணீரை அடைத்து, உள்ளே இருந்த பம்பின் மின்சாரத்தை நிறுத்தி வயரைப் பிரித்தேன். அம்மா நாற்காலியில் ஏறி நின்று டார்ச் பிடித்தார். ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. "அந்த நட்டு இன்னும் இறுகல," என்று மட்டும் ஒருமுறை சொன்னார். பார்த்தேன். இறுகியிருக்கவில்லை. பம்பு இருந்த இடத்தில் வெறும் குழாயை இணைத்து, திறந்து, கசிகிறதா என்று கால் மணி நேரம் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கசியவில்லை. இப்போது இரண்டு திருகையும் திறந்து வைத்தாலும் கீழே சூடு நிற்பதில்லை. மாடியில் தண்ணீர் மெல்லிசாக வரும். அண்ணன் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்று குளிக்கட்டும்.

மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். "பம்பு எங்க?" என்று அண்ணன் இரண்டு தடவை மெசேஜ் அனுப்பிவிட்டார். அது என் காடியின் பின்பக்கத்தில், பாதுகாப்புச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், பழைய துண்டில் சுற்றிக் கிடக்கிறது. அதோடுதான் தினமும் வேலைக்குப் போய் வருகிறேன்.